பதினாறாம் நாளுக்குப் பின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், துயர்த்துணைக் குழுவின் சார்பில், கணவன் மனைவியர் இருவர் சேர்ந்து நிகழ்த்திய உரை.)

 

ஆண்டு விழா என்பது மகிழ்ந்து கூடும் நாள். சற்று முன்னர்தான் நம் குழந்தைகள் இம்மேடையில் கும்மியடித்தார்கள், கோலாட்டம் ஆடினார்கள். இன்னும் சிறிது நேரத்தில் நாடகம் தொடங்கவிருக்கிறது. இரண்டுக்கும் இடையே நின்றுகொண்டு இறப்பைப் பற்றிப் பேசுவது முறையா என்று நாங்கள் தயங்கினோம். தயக்கத்தைச் செயலாளர் அவர்களிடம் தெரிவித்தோம். "பொங்கலுக்கும் நாடகத்துக்கும் மட்டுமா சங்கம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. ஆகவே பேச ஒப்புக்கொண்டோம்.

எங்களை உங்களிற் பலர் அறிவீர்கள். 2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எங்கள் மகனைச் சாலை விபத்தில் இழந்தோம். அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. கல்லூரிக்குச் சென்றவன் வீடு திரும்பவில்லை. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் ஈண்டுச் சொல்லப்போவதில்லை. அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம்.

முதல் பதினாறு நாட்களில் இக்குடியிருப்பு எங்களைக் கைவிடவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. ஆயினும் துக்கத்திற்கு வந்தவர் ஒருவரும் பசித்திருக்கவில்லை. மேல்மாடியிலிருந்து இட்டிலி வந்தது. எதிர்வீட்டிலிருந்து ரொட்டியும் பருப்பும் வந்தன. நிகம்போத் காட்டுக்கு வண்டி அமர்த்தியவர் யார், விறகுக்குப் பணம் கட்டியவர் யார் என்பதை நாங்கள் இன்றளவும் முழுமையாக அறியோம். கேட்டால், "அதையெல்லாம் இப்போது ஏன் கேட்கிறீர்கள்?" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. உறவினர்கள் சென்னைக்கு இரயிலேறினார்கள். பதினேழாம் நாள் விடிந்தது.

அன்று எங்களுள் ஒருவர் அலுவலகம் சென்றார். மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு, வாயிலோரம் கிடந்த மகனுடைய செருப்பைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். அலுவலகம் சென்றவரிடம், "வீட்டில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்று எல்லோரும் கேட்டார்கள், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டவர் ஒருவருமில்லை. வீட்டில் இருந்தவரிடமோ எதையும் கேட்க ஒருவரும் வரவில்லை. வந்தால் அவர் அழுவாரே என்று அஞ்சினார்கள். மகன் பெயரைச் சொன்னால் புண்ணைக் கிளறியதாகும் என்று எண்ணி, அந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் குறையில்லை. அன்பினாலேயே அவ்வாறு செய்தார்கள். ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் நாள்தோறும் எங்கள் வீட்டில் ஒலித்த ஒரு பெயர் திடீரென்று எவர் வாயிலும் இல்லாமற்போயிற்று. மகன் ஒருமுறை இறந்தான். அவன் பெயர் மறுமுறை இறந்தது.

அப்போது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் ஒரு பஞ்சாபி மூதாட்டியார். பின்வரிசை வீட்டில் இருந்தவர். வயது எண்பதைக் கடந்தவர். எல்லோரும் அவரை 'பீஜி' என்று அழைப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் வீட்டு அம்மையாருக்கு இந்தி அரைகுறை. பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கூடையில் பச்சைப் பட்டாணியோடு வருவார். வெயில் விழும் பால்கனியில் அமர்ந்து உரிப்பார். பாதியை எங்கள் பக்கம் தள்ளுவார். கை தானாக உரிக்கும். முதல் நாள் அவர் கேட்டது ஒன்றுதான்: "பேட்டா, உன் பிள்ளையின் பெயர் என்ன?" சொன்னோம். அவர் அந்தப் பெயரைத் தம் நாவுக்கு வந்தவாறு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மறுநாள், அவனுக்கு எந்தக் காய்கறி பிடிக்கும் என்று கேட்டார். அதற்கு மறுநாள், சிறு வயதில் அவன் எப்போது நடக்கத் தொடங்கினான் என்று கேட்டார். "அழாதே" என்று ஒருநாளும் சொல்லவில்லை. "எல்லாம் கடவுள் செயல்" என்றும் சொல்லவில்லை. நாலரை மணிக்கு உமியைக் கூட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். குளிர்காலம் முழுவதும் இவ்வாறு வந்தார்.

மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே நாங்கள் அவரைக் கேட்டோம்: "பீஜி, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" 1947-இல் லயால்பூரிலிருந்து புறப்பட்ட வழியில் தந்தையையும் தமையனையும் இழந்தவர் அவர். அப்போது அவருக்கு வயது பதினான்கு. தில்லிக்கு வந்து முகாமில் கிடந்தபோது, பெயர் தெரியாத ஒரு பெண் நாள்தோறும் வந்து அவருக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாளாம். "அவள் எனக்குச் செய்தாள், நான் உனக்குச் செய்கிறேன்" என்றார். பீஜி இப்போது இல்லை. இன்று உங்கள் முன் நாங்கள் பேசும் பேச்சு அவருக்கு நாங்கள் பட்ட கடன்.

நிற்க. பீஜி செய்த செயலுக்கு உலகில் வேறு சில நாடுகளில் அமைப்பும் பயிற்சியும் உண்டு என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு மார்கரெட் டோரி என்னும் அம்மையார், கணவரை இழந்த பெண்களுக்கென 'குரூஸ்' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது துயருற்ற அனைவருக்கும் உரியதாக வளர்ந்தது. அந்நாட்டிலேயே கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில், 1968-இல் இரு குடும்பத்தார் சில நாள் இடைவெளியில் தத்தம் மகனை இழந்தனர். அங்கிருந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்னும் இளம் சமயகுரு ஒன்றைக் கண்டார். தாம் கூறிய எந்த ஆறுதலையும்விட, அவ்விரு பெற்றோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. அதிலிருந்து 1969-இல், பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கான 'கம்பாஷனேட் பிரண்ட்ஸ்' என்னும் அமைப்புத் தோன்றிப் பல நாடுகளிலும் பரவியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், 1960-களில், ஃபிலிஸ் சில்வர்மன் என்பவர், கணவனை இழந்த பெண்ணுக்கு அவ்வாறே இழந்த மற்றொரு பெண்ணே துணைசெல்லும் திட்டத்தை வகுத்தார். இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. ஆற்றைக் கடந்து வந்தவனுக்கே அதன் ஆழம் தெரியும்.

இது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நாம் எண்ண வேண்டுவதில்லை. நம் புறப்பாடல்களில் கையறுநிலை என்றே ஒரு துறை உண்டு. பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் பாடிய பாட்டை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அவர்களுடன் கபிலர் என்ன செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். உலகம் நிலையாதது என்று பாடம் சொல்லி அவர்களை விட்டுச் செல்லவில்லை. பறம்பை விட்டு அவர்களோடு நடந்தார். விச்சிக்கோவிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார், இம்மகளிரை மணம் கொள்க என்று வேண்டினார். மறுக்கப்பட்டார், அதன் பின்னும் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பான இடம் தேடினார். நண்பன் இறந்த துயரம் கபிலருக்கும் உண்டு. அத்துயரோடேயே அவர் நடந்தார்.

மணிமேகலையில் கோதமை என்னும் தாயின் கதை வருகிறது. அவள் மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்டான். கண்ணில்லாத அத்தாய், மகன் உயிரைத் திருப்பித் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வம் அவளை அதட்டி அனுப்பிவிடவில்லை. சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் அழைத்து வந்து, அவர்கள் வாயாலேயே அது இயலாது என்று கூறச் செய்கிறது. ஓர் ஏழைத் தாயின் அழுகைக்காக அண்டமே கூடி நின்றது என்று நம் புலவர் பாடியிருக்கிறார். போன உயிரை மீட்க எவராலும் இயலாது. ஆனால் கூடி நிற்க எல்லோராலும் இயலும் அல்லவா?

நம் ஊர்களில் இக்கூடி நிற்றலைச் சுற்றம் செய்தது. அத்தை வருவாள்; மாமன் வருவார்; தெருப்பெண்கள் கட்டியணைத்து ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரியில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவையும் சேர்த்தே அழுவாள். இறந்தவர் இல்லாத முதல் தீபாவளிக்கும் முதல் பொங்கலுக்கும் உறவினர் தேடி வந்து உடனிருக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பிழைப்புக்காக ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து குடியேறிய நமக்கு அச்சுற்றம் அருகில் இல்லை. சடங்கை நாம் கொண்டுவந்தோம். சடங்கைத் தாங்கி நின்ற சுற்றத்தைக் கொண்டுவர இயலவில்லை. பதின்மூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ சாத்திரம் முடிந்துவிடுகிறது. துயரம் அப்போதுதான் தொடங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே, 2018-ஆம் ஆண்டில், நாங்களும் மேலும் நால்வரும் சேர்ந்து சங்கத்தில் துயர்த்துணைக் குழுவைத் தொடங்கினோம். அறுவரும் இழந்தவர்கள். மகனை, கணவரை, மனைவியை, உடன்பிறந்தாளை.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். முதன்முதலில், குழந்தையை இழந்த ஓர் இளந்தாயைக் காணச் சென்றோம். ஆறுதல் சொல்ல வாய் திறந்தோம். எங்கள் மகன் கதை வந்துவிட்டது. அரைமணி நேரம் பேசினோம், அழுதோம். இறுதியில் அந்தப் பெண் எழுந்து சென்று எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வருத்தப்படாதீர்கள் அம்மா" என்று தேற்றினாள். படியிறங்கும்போது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாருடைய துயரத்துக்காகச் சென்றோம்? அவளுடைய வீட்டில் எங்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தோம்.

அன்று முதல் சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். தன் இழப்பு நிகழ்ந்து ஓராண்டேனும் கழியாதவர் பிறர் வீட்டுக்குத் துணையாகச் செல்லலாகாது. எவரும் தனியே செல்லலாகாது. இருவராகவே செல்ல வேண்டும். கேட்டாலன்றி நம் கதையைச் சொல்லலாகாது. திங்களுக்கொரு முறை அறுவரும் கூடி, எங்கள் மனத்தில் சேர்ந்ததை எங்களுக்குள்ளேயே பேசி இறக்கிவைக்க வேண்டும். ஒரு வீட்டில் கேட்டது அடுத்த வீட்டுக்குப் போகலாகாது. நெருங்கிய குடியிருப்பில் இக்கடைசி நெறியே மிகக் கடினம். அதுவே மிக இன்றியமையாததும் ஆகும்.

நாங்கள் செய்யும் பணிகள் பெரியவை அல்ல. முதலாவது, தாள்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இறப்புச் சான்றிதழில் பத்துப் படிகளேனும் முதலிலேயே வாங்கிவைத்தால் பின்னர் அலைய வேண்டுவதில்லை. வங்கி, குடும்ப ஓய்வூதியம், காப்பீடு, சமையல் எரிவாயு என்று ஒவ்வோரிடத்திலும் ஒரு படி கேட்பார்கள். இந்தியில் உள்ள படிவத்தை நிரப்பத் தெரியாமல், இருபது ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்த ஓர் அம்மையார் ஓர் அலுவலகத்தின் படிகளில் நான்கு முறை ஏறி இறங்கினார். நான்காம் முறை அவர் அழுதது கணவருக்காக மட்டுமன்று. எங்கள் குழுவைச் சார்ந்த ஒருவர் உடன்சென்றார். ஒரே காலையில் வேலை முடிந்தது.

இரண்டாவது, கேட்டல். பதினேழாம் நாள் ஒரு முறை செல்கிறோம். பின்னர் வாரம் ஒரு முறை. பின்னர் திங்களுக்கு ஒரு முறை. இறந்தவர் பெயரைக் கேட்கிறோம். அவரைப் பற்றிச் சொல்லச் சொல்கிறோம். ஒரே கதையை ஏழாவது முறை சொன்னாலும் முதல் முறை போலவே கேட்கிறோம். இறந்தவரின் பிறந்த நாளையும் நினைவு நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறோம். ஓராண்டு பண்டிகை கொண்டாடாத வீடுகளுக்குப் பண்டிகை நாளன்று காலையில் போகிறோம். இனிப்பு எடுத்துச் செல்வதில்லை. எங்களைக் கொண்டு செல்கிறோம்.

ஆண்களிடம் இம்முறை பலிக்கவில்லை. நாற்காலியில் எதிரெதிரே அமர்த்தினால் அவர்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். ஆகவே விடியற்காலையில் பூங்காவில் உடன் நடக்கிறோம். முகம் பாராமல் பக்கத்தில் நடக்கும்போது, மூன்றாம் சுற்றில் பேச்சு வருகிறது. மனைவியை இழந்த ஒரு பெரியவர் நாற்பது நாள் நடந்த பின்னர்ச் சொன்ன முதல் சொல், "காப்பிப்பொடி எந்தக் கடையில் வாங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை" என்பது. அன்று இருவரும் சேர்ந்து அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைச் சொன்னால் சிலர் மனம் வருந்தக்கூடும். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கணவரை இழந்த பெண்களை நவராத்திரிக் கொலுவுக்கு அழைக்காத வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. துயர்த்துணை என்று பெயர் வைத்துக்கொண்டு, தாம்பூலத் தட்டை ஒருத்தியின் முன்னே நீட்டாமல் தாண்டிச் செல்வோமானால் அதற்கு என்ன பொருள்? கணவரை இழந்தவள் ஏற்கெனவே ஒருவரை இழந்தாள். நாம் அவளை ஊரையும் இழக்கச் செய்கிறோம். எங்கள் குழுவினர் வீட்டுக் கொலுவில் முதல் தாம்பூலம் அவர்களுக்கே. ஈராண்டுகளாக வேறு சில வீடுகளிலும் இவ்வழக்கம் வந்திருக்கிறது. அவ்வீட்டாரை இவ்வவையில் வணங்குகிறோம்.

2021-ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தில்லிச் சுடுகாடுகளில் வரிசை நின்றது. பெற்ற பிள்ளைகளே உடலை நெருங்க இயலவில்லை. துக்கம் விசாரிக்க வருவாரும் இல்லை. கும்பல் கூடக்கூடாது என்னும் விதி சரியே. ஆனால் கூடாமல் துயரம் ஆறுவதெப்படி? அந்நாட்களில் எங்கள் பணி முழுதும் தொலைபேசியில் நடந்தது. இரவு பத்து மணிக்கு அழைப்போம். சில நாட்களில் மறுமுனையில் ஒரு சொல்லும் இராது. மூச்சு மட்டும் கேட்கும். நாங்களும் பேசாமல் இருப்போம். பத்து நிமிடம் கழித்து, "சரி, நாளைக்கு" என்பார்கள். மறுநாளும் அழைப்போம். அக்காலத்தில் நாங்கள் துணைசென்றவர்களுள் இருவர் இன்று எங்கள் குழுவில் உறுப்பினர்கள்.

எங்கள் எல்லையையும் நாங்கள் அறிவோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். துயரம் நோயன்று, பெரும்பாலோர்க்கு அது நாட்செல்ல நாட்செல்ல, மறையாவிட்டாலும், சுமக்கத் தக்கதாகிறது. அது ஐந்து படிகளாக வரும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளுடன் உரையாடி. பின்தங்கியவர்களைக் கொண்டு அன்று. ஆகவே, "இன்னும் நீங்கள் இந்தப் படியில்தான் இருக்கிறீர்களா?" என்று எவரையும் கேட்கலாகாது. ஆனால் பல மாதங்கள் கடந்தும் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், நாளும் அதே தீவிரத்தில் வாடினால், அதற்கு மருத்துவம் உண்டு. 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீடித்த துயரத்தைத் தனியே வகுத்துக் கூறுகிறது. இனி வாழ்ந்து பயனில்லை என்று ஒருவர் சொன்னால், அதைப் பேச்சுக்குச் சொன்னதாகக் கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பெருமக்களே! இப்பணி எங்கள் துயரைப் போக்கிவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. நவம்பர் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு நாள் பேச்சு இராது. ஆனால் ஒன்று நேர்ந்திருக்கிறது. எங்கள் மகனுக்குச் செய்ய இயலாமற்போனவை பல. அவனுக்கென்று எங்களிடம் எஞ்சியிருந்த அன்பு, போக்கிடமின்றி எங்களையே சுட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதற்குச் சில வீடுகள் கிடைத்திருக்கின்றன. இதற்கு மேல் நாங்கள் உரிமை கொண்டாடுவதற்கில்லை.

இச்சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. இழந்து ஓராண்டு கடந்தவர்கள், விருப்பமிருந்தால், எங்களோடு வந்து சேருங்கள். கல்வியோ பட்டமோ வேண்டா, கேட்கும் காது போதும். மற்றவர்கள் குழுவில் சேர வேண்டியதில்லை. உங்கள் படிக்கட்டில் சாவு நிகழ்ந்த வீட்டின் கதவைப் பதினேழாம் நாள் தட்டுங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், ஒரு கூடைப் பட்டாணியை எடுத்துச் செல்லுங்கள். இறந்தவர் பெயரைக் கேளுங்கள்.

எங்கள் மகன் பெயர் குமரன். இங்கே இத்தனை பேர் முன்னிலையில் அப்பெயரைச் சொல்ல வாய்ப்பளித்த சங்கத்துக்கு எங்கள் நன்றி. இனி நாடகம் தொடங்கட்டும், குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.